படை என்று எழுதிய உறை

சிட்லபாக்கம்,
9.6.2024

அன்புள்ள ரோஹிணிக்கு,

அக்காவின் ஆசிகள். நானும் உன் பெண்ணும் இங்கே சௌக்கியம். மாப்பிள்ளையின் வலது கை எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் ஸ்பூனைப் பிடித்தார் என்று எழுதியிருந்தாய். இந்த மாதம் டம்ளரைப் பிடிப்பார் பார். பக்கவாதத்துக்குப் பிறகு கை திரும்புவது ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுதப் பழகுவது மாதிரி. முதலில் கிறுக்கல்தான் வரும். அதற்கும் மதிப்பெண் போட வேண்டும்.

உனக்குக் காது மந்தமான பிறகு போனில் கத்துவதை விட்டுவிட்டு இப்படி எழுத ஆரம்பித்தோமே, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு எழுத ஒரு ஆள் வேண்டும்.

சுப்ரஜா சேதி கேள். மறைமலை நகர்த் தொழிற்சாலையில் பிரேக் பாகங்களைச் சோதிக்கும் வரிசைக்கு அவளைப் பொறுப்பாகப் போடப்போகிறார்களாம். இதுவரை அங்கே ஒரு பெண்ணும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். "இன்னும் ஆர்டரே வரல பெரியம்மா, அதுக்குள்ள அயர்ன்காரர் கங்கிராட்ஸ் சொல்றாரு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு தொல்லை. இந்த வெயிலில் முழுக்கைச் சீருடை, பெல்ட், கனமான ஷூ. இடுப்பைச் சுற்றிப் படை வந்து அரித்துப் பிடுங்குகிறது. தோல் டாக்டர் ஆண். "இடுப்பைக் காட்டிட்டு உட்காரணுமா? போங்க பெரியம்மா" என்கிறாள். என் கால் நகத்தில் பூஞ்சை வந்தபோது டாக்டர் மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதினாரே, நகம் தெளிந்ததும் நான் நிறுத்திவிட்டேன். ஒரு மாத மாத்திரை மிச்சம் இருக்கிறது. என் பெட்டியைத்தான் உனக்குத் தெரியுமே. காய்ச்சல், வயிறு, சளி, படை என்று உறை உறையாக எழுதி வைத்திருக்கிறேன். நகத்தில் வந்தாலும் இடுப்பில் வந்தாலும் பூஞ்சை பூஞ்சைதானே. இன்று சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பிக்கிறோம்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

உன் அக்கா,
திரிபுரசுந்தரி


ஜபல்பூர்,
15.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே அவர் டம்ளரைப் பிடித்துவிட்டார். பாதிக் காபி என் புடவையில். ஆனாலும் பிடித்தார். நீ சொன்னபடி மதிப்பெண் போட்டேன்.

மாத்திரை கொடுப்பதையெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பாயா? கல்யாணமாகும்வரை உன் பெட்டியில் விழுங்கி வளர்ந்தவள் நான். தாம்பரத்தில் பாதிப் பேர் "மருந்து டீச்சர்" என்றுதானே உன்னைச் சொல்வார்கள். நல்லவேளை, சுப்ரஜாவை உன்னிடம் விட்டேன். வேறு எங்காவது விடுதியில் இருந்தால் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் சொறிந்துகொண்டு கிடந்திருப்பாள்.

ஆர்டர் வந்ததும் முதலில் எனக்கு எழுது. இங்கேயும் ஒரு தெரு இருக்கிறது.

உன் தங்கை,
ரோஹிணி


சிட்லபாக்கம்,
24.6.2024

அன்புள்ள ரோஹிணிக்கு,

ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள். அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது உன் இடுப்பு பத்திரம்.

படை நன்றாக வாடிவிட்டது. அரிப்பு இல்லை. ஆனால் நாலைந்து நாளாக நாக்குக்கு ருசி தெரியவில்லை என்கிறாள். ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டேன், அப்போதும் சப்பென்று இருக்கிறதாம். நேற்றிலிருந்து தொண்டை வலி, கண் எரிச்சல், லேசாக உடம்பு சுடுகிறது. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை. பாதியில் விட்டால் படை திரும்பிவிடுமே என்றும் இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

அக்கா


ஜபல்பூர்,
27.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

ஏ.சி. பஸ்ஸில் போய் வருகிறாள், வெயிலில் இறங்குகிறாள். தொண்டை வலிக்காமல் என்ன செய்யும்? மாத்திரையை மட்டும் நிறுத்த விடாதே. சின்ன வயதிலிருந்தே எதையும் பாதியில் விடுகிறவள். வீணை வகுப்பு நினைவிருக்கிறதா? நீ கண்டிப்பாக இருந்து முழுவதும் கொடு.

ரோஹிணி


சிட்லபாக்கம்,
20.7.2024

அன்புள்ள ரோஹிணிக்கு,

நேற்று சுப்ரஜாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி. போனில் நாலு நாலு வரியாக அனுப்பியதை வைத்து நீ எப்படித் தவித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையை விட்டு உன்னால் கிளம்ப முடியாது என்பதும் தெரியும்.

ஜூலை முதல் தேதி காலையில் உதடெல்லாம் புண். மார்பில் சிவப்புப் புள்ளிகள். மத்தியானத்துக்குள் அவை கொப்புளமாயின. தொட்டால் தோல் ஈரக் காகிதம் போல் விலகியது. கண் திறக்க முடியவில்லை. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தீக்காயம் பட்டவர்களைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்கள். டாக்டர் அனுப்பிரியா என்று ஒரு பெண், முப்பது வயது இருந்தால் அதிகம். அவளும் கண் டாக்டரும் மாறி மாறி வந்தார்கள். மிகவும் அபூர்வமாக வருகிற, கடுமையான ஒவ்வாமையாம். ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்று பெயர். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்ல ஒன்பது நாள் ஆயிற்று. கண் பிழைத்தது. தினமும் சொட்டு மருந்து விட வேண்டும். உடம்பெங்கும் கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுகள். அவை மெல்ல மெல்ல மங்குமாம்.

அத்தனை வலியிலும் உன் பெண் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. தோலைத் துடைக்கும்போது பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ், "இன்னா மேடம், இவுங்க கணக்கு டீச்சரா?" என்று என்னைக் கேட்டாள்.

டாக்டர் என்னிடம் நிறையக் கேள்விகள் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

அக்கா


ஜபல்பூர்,
27.7.2024

என் அன்பு அக்காவுக்கு,

நமஸ்காரம் என்று எழுதிவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெற்றவள் நான், பக்கத்தில் நின்றவள் நீ. இங்கே குவார்ட்டர்ஸில் எல்லோரிடமும் உன் பெருமையைத்தான் பேசுகிறேன். மாடிவீட்டு மிஸ்ரா அம்மாள் உன் பெயரில் கோயிலில் விளக்கு ஏற்றினாள். அறுபத்தெட்டு வயதில் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தவளுக்கு ஏற்றாமல் யாருக்கு ஏற்றுவது?

ஒவ்வாமை என்றாயே, எதனால் என்று எனக்குத் தெரியும். அந்தத் தொழிற்சாலை எண்ணெய். படை வந்ததே அந்தச் சீருடையால்தான், இதுவும் அங்கிருந்துதான். அவரும் தலையை ஆட்டுகிறார். நேற்று நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பிவிட்டேன். அவள் வேலையை விட்டுவிட்டு இங்கே வரட்டும். உடம்பு தேறியதும் ரயில் ஏற்றிவிடு.

உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்,
ரோஹிணி


சிட்லபாக்கம்,
4.8.2024

அன்புள்ள ரோஹிணிக்கு,

நலம். சுப்ரஜா இட்லி சாப்பிடுகிறாள். கண்ணுக்கு மருந்து ஒழுங்காக விடுகிறோம்.

புகார் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டாயோ என்று தோன்றுகிறது. எனக்காக யாரும் விளக்கு ஏற்ற வேண்டாம்.

இங்கே நல்ல மழை. ஏரி பாதி நிறைந்துவிட்டது.

அக்கா


ஜபல்பூர்,
12.8.2024

அக்காவுக்கு,

இரு பக்கமும் நலம் என்று வைத்துக்கொள்வோம்.

என்ன இது, நாலு வரி? மழையைப் பற்றி எழுதுகிறாய். தொழிற்சாலைக்கு நீ ஏன் பரிந்து பேசுகிறாய்? அவர்களிடமிருந்து பதில் வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை சுப்ரஜாவை வரிசைக்கு அனுப்ப மாட்டார்களாம். ஆபீஸில் உட்கார வைப்பார்களாம். மாதக் கடைசிக்குள் அந்தப் பொறுப்பை வேறு ஒருவருக்குக் கொடுக்கப் போகிறார்களாம். கொடுக்கட்டும். குற்றம் இல்லாதவன் இப்படி ஒளிவானா? அவளும் "நான் வரமாட்டேன்" என்று ஒரே வரி அனுப்புகிறாள். நீயாவது எடுத்துச் சொல்.

ரோஹிணி


சிட்லபாக்கம்,
21.8.2024

அன்புள்ள ரோஹிணிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் படி.

எண்ணெய் இல்லை. மாத்திரை. நான் கொடுத்த மாத்திரை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் நாளே எனக்குத் தெரியும். "புதுசா என்ன மருந்து சாப்பிட்டாங்க?" என்பதுதான் டாக்டர் அனுப்பிரியா கேட்ட முதல் கேள்வி. பூஞ்சைக்கு என்றேன். பெயர் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உறையில் அடங்குவதற்காக நான் அட்டையை ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து வைப்பேன். அதில் பெயர் துண்டு துண்டாகிவிடும். உறை மேல் 'படை' என்று என் கையெழுத்தில் அழகாக இருக்கிறது. நாற்பது வருஷமாக நோயின் பெயரை எழுதி வைத்தேனே தவிர, மருந்தின் பெயரை ஒரு உறையிலும் எழுதியதில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, பழைய சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போக மூன்று மணி நேரம். டெர்பினாஃபைன். அதுவரை என்ன மருந்தை நிறுத்துகிறோம் என்றே தெரியாமல் அவர்கள் சிகிச்சை செய்தார்கள்.

அந்தப் பெண் டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஆயிரக்கணக்கானவங்க இந்த மாத்திரை சாப்பிடறாங்க மேடம், ஒண்ணும் ஆகறதில்ல. ரொம்ப அபூர்வமா ஒருத்தருக்கு இப்படி ஆகும். நாங்க எழுதிக் குடுத்திருந்தாலும் ஆகியிருக்கலாம். ஆனா வாய்ப் புண்ணு, கண் எரிச்சல், ஜுரம் வந்தா அன்னைக்கே நிறுத்திட்டு ஓடி வாங்கன்னு சொல்லி அனுப்பியிருப்போம். உங்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்ல" என்றாள். ஓட்டத் தெரிந்தவன் வண்டியைக் கொடுத்தால் பிரேக் எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டுவான். நான் சாவியை மட்டும் கொடுத்தேன்.

கண் திறந்த அன்று சுப்ரஜாவிடம் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அது நீங்க எழுத வேண்டிய லெட்டர் பெரியம்மா" என்றாள். எழுத ஐந்து தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் உன் பாராட்டு கண் முன்னால் வந்து நின்றது. அதை இழக்க மனம் வரவில்லை. இதுதான் உண்மை. வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

உன் போன கடிதம் வந்த மறுநாள் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு மறைமலை நகருக்குப் பஸ் ஏறினேன். வாசலில் காவலாளி நிறுத்தினார்.

"இன்னா மேடம், யார பாக்கணும்? பாஸ் கீதா?"

"பாஸ் இல்லைப்பா. உங்க கம்பெனி மேல எங்க வீட்டிலேருந்து ஒரு புகார் வந்திருக்கு. அது தப்புன்னு சொல்ல வந்திருக்கேன்."

"கம்ப்ளெய்ண்டு குடுக்கத்தான் வருவாங்க, நீ வாபஸ் வாங்க வந்துகிறியா? உக்காரு தாயி, ஃபேன் கீது."

அலுவலர் தயாளன் என்பவர் நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, "சுப்ரஜா மேடத்தை நாலு தடவை கேட்டோம். எண்ணெய்னு சொல்லல, இல்லன்னும் சொல்லல. 'எங்க வீட்டிலேருந்து வந்து சொல்லுவாங்க'ன்னாங்க. எப்ப வருவாங்கன்னு கேட்டேன். 'வருவாங்க'ன்னாங்க. அவ்வளவுதான்" என்றார்.

ரோஹிணி, வரவேண்டிய பொறுப்பே போய்விடும் என்று தெரிந்தும் அந்தப் பெண் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. நான் வருவேன் என்று இருந்திருக்கிறாள். அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு எனக்குத் தலை குனிந்தது. ஆனால் அதே நேரத்தில் உன் பெண்ணை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டும் ஒரே உடம்பில் நடக்கும் என்று அன்றுதான் கண்டேன்.

புகாரைத் திரும்பப் பெறுவதாக நீ ஒரு வரி எழுதினால் அவளை வரிசைக்கு அனுப்பிவிடுவார்களாம். எனக்காக வேண்டாம். அவளுக்காக எழுது.

பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் மருந்துக் கடையில் சேர்த்துவிட்டேன். அழித்துவிடுவார்களாம்.

உன் அக்கா


ஜபல்பூர்,
6.10.2024

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே தொழிற்சாலைக்கு ஒரு வரி எழுதிவிட்டேன். அதில் தாமதம் இல்லை. உனக்கு எழுதத்தான் ஆறு வாரம் ஆயிற்று.

முதல் நாள் உன்னைத் திட்டி ஆறு பக்கம் எழுதினேன். நல்ல திட்டு, அக்கா. நம் அப்பா கேட்டிருந்தால் அசந்து போயிருப்பார். ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். 'என் குழந்தைக்கு உடம்பு சுடுகிறது என்று தெரிந்தும் ஏன் நிறுத்தவில்லை?' என்று ஒரு வரி. அங்கே நின்றுவிட்டேன்.

நிறுத்தலாமா என்று நீ கேட்டாய். நிறுத்த விடாதே என்று எழுதியது நான். ஸ்பீடு போஸ்டில் வேறு அனுப்பினேன்.

நீ உன் கடிதத்தில் அதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன். சொல்லாததால் என்னோடு போட வேண்டியதாகிவிட்டது. அது இலேசில் முடியவில்லை.

ஐம்பது நாள் என்னிடம் மறைத்தாய். அந்தக் கோபம் இருக்கிறது. இருக்கட்டும், அதுபாட்டுக்கு ஒரு மூலையில். மிஸ்ரா அம்மாளிடம் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். விளக்கு ஏற்றியது வீண்தானே என்று அவள் கேட்பாள் என நினைத்தேன். "யாரும் கேட்காமல் பஸ் ஏறிப் போய் உங்கள் அக்காவே சொன்னார்களா?" என்று மூன்று தடவை கேட்டாள். ஆமாம், என் அக்கா என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, உள்ளேயிருந்து அவர் எட்டிப் பார்த்தார்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அத்தனை நாள் பெஞ்சில் கிடந்த முதுகு என்ன சொல்கிறது? நீ எழுதவே இல்லை. எழுது.

ரோஹிணி


சிட்லபாக்கம்,
24.11.2024

அன்புள்ள ரோஹிணிக்கு,

ஆசிகள். முதுகு பரவாயில்லை. நீ கேட்டதால் இப்போது கொஞ்சம் வலிக்கிறது. மாப்பிள்ளை தன் கையாலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிய வாழ்த்து அட்டையை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஆர்டர் வந்துவிட்டது. அக்டோபர் பதினான்காம் தேதியிலிருந்து அந்த வரிசைக்கு உன் பெண்தான் பொறுப்பு. இந்த மருந்து தனக்கு ஆகாது என்று எழுதிய அட்டை ஒன்று எப்போதும் அவள் பையில் இருக்கிறது. இதை முன்பே எழுதியிருப்பேன். இன்னொரு சேதி சேரட்டும் என்று வைத்திருந்தேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே அவள் தயாளனிடம் போய், மாதம் ஒரு நாள் தொழிற்சாலைக்குப் பெண் தோல் டாக்டர் ஒருவர் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "யாரும்மா வந்து காட்டுவாங்க?" என்று அவர் கேட்டிருக்கிறார். "டாக்டரைக் கூப்பிடுங்க சார், ஆளை நான் பாத்துக்கறேன்" என்றாளாம்.

போன வியாழக்கிழமை டாக்டரம்மா வந்தார். இதைத் தயாளன்தான் மறுநாள் போன் செய்து சொன்னார். கேன்டீனை ஒட்டி டாக்டருக்கு ஒதுக்கிய அறைப் பக்கம் கால் மணி நேரம் ஒருவரும் வரவில்லையாம். கேன்டீன் முழுக்கப் பெண்கள், எல்லோரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சுப்ரஜா எழுந்து, சீருடையின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு, அத்தனை திட்டும் தெரிய, அறை வாசலில் போய் நின்றாளாம். அவளுக்கு அன்று டாக்டரிடம் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. கொஞ்ச நேரத்தில் பாத்திரம் கழுவும் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "மேடம், எனக்கு ஆறு மாசமா கீது. எங்க நாத்தனார் குடுத்த மாத்திரைய முழுங்கிகினு இருக்கேன்" என்று பின்னால் நின்றாளாம். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர்.

டாக்டரம்மா கிளம்பும்போது கணக்கு இருபத்து மூன்று பேர், ரோஹிணி. இருபத்து மூன்று பேருக்கு இருந்திருக்கிறது, ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. ஏன் லேட் என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சும்மா, ஒரு க்யூல நின்னேன் பெரியம்மா" என்றாள்.

என்றும் உன் அக்கா,
திரிபுரசுந்தரி